அப்பா ‘வாங்க’ என்று சொல்லும் வரை

“தோட்டத்து ஆளுங்களுக்குக் கவலன்னா கவல, சந்தோசம்னா சந்தோசம். அதுக்குப் போயி வகுப்பு எதுக்கு தங்கச்சி?”

பதுளை நகரத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு முடிகிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிளாக்கர் என்னிடம் இப்படிக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பிள்ளை ஏன் வீணாக பஸ் ஏறி அலைய வேண்டும் என்ற அக்கறையோடுதான் கேட்டார். அக்கறையோடு கேட்டதால் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

அவருக்குப் பின்னால் சுவரில் சிங்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தீராத நரம்பு நோயோடு வாழ்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் மன உணர்வுகளைக் கையாளும் பயிற்சி, எட்டுச் சனிக்கிழமைகள், இலவசம்.

“வகுப்பு சிங்களத்துல நடக்கும். தாள் எல்லாம் சிங்களம். ஒங்க அப்பாவுக்கு வெளங்குமா?”

“பேச்சு வெளங்கும். எழுத்துத்தான் தெரியாது. தாள நான் தமிழ்ல எழுதிக் குடுப்பேன்.”

“நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“உயர்தரம்,” என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் அந்தப் பரீட்சை எழுதிப் பாஸானவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் என்றால், கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே நான்தான். கிளாக்கர் பேனாவை எடுத்தார். அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

நான் எதற்காக அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு ஒரு மாதம் முந்திய ஒரு சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அன்று என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். பெயருக்குத்தான் பெண் பார்ப்பது. மாப்பிள்ளை எல்லவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறார், தங்கச்சி அதே தெருவில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பார்க்க வேண்டியதை இருவரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பெரியவர்கள் வந்து பேசி முடிப்பதுதான் மிச்சம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும்தான். அந்த வீட்டில் தாய்மாமன் சொல்வதுதான் முடிவு.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய மனிதர். மலையில் தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டும் அந்த வேலையில் அவருடைய கத்திக்குத் தோட்டத்தில் பெயர் இருந்தது. முதலில் இடது கை நடுங்கியது. பிறகு நடை குறுகியது. கடைசியில் முகம். முகத்தில் இருக்கும் தசைகள் இறுகிப்போய், சிரித்தாலும் அழுதாலும் வெளியே ஒன்றும் வராத நிலை. குரலும் மெலிந்துவிட்டது. நான் லுணுகலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். இந்த நோய்க்கான மாத்திரையின் பெயரும் அளவும் எனக்கு மனப்பாடம். அதைச் சாப்பிடுகிறவரின் முகத்துக்கு என்ன நடக்கிறது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. லயத்தில் எல்லாரும், “இவரு என்னா எந்த நேரமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்காரு” என்றார்கள். நாங்களே சில நாட்கள் அப்படித்தான் நினைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கேற்ப எட்டு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தேன். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அப்பா ஓரளவு நன்றாக நடப்பார், பேசுவார். ஒரு தடவை கொடுத்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். அவர்களுடைய வான் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று கீழே கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மேலே நின்று வானின் கூரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு ராகு காலம் தெரியாது.

பத்தே முக்காலுக்குப் படியேறி வந்தார்கள். அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். அவர்களை வரவேற்கத்தான் நாற்காலியை விட்டு எழுந்து போனார். நிலைப்படிக்கு வந்ததும் கால் ஒட்டிக்கொண்டது. இந்த நோயில் அது உண்டு. குறுகின இடத்தைக் கண்டால், வாசலைக் கண்டால், கால் தரையோடு ஒட்டினாற்போல நின்றுவிடும். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி, அசையாத முகத்தோடு, வாசலை அடைத்துக்கொண்டு அப்பா நின்றார். எதிரே தட்டுடன் தாய்மாமன்.

எங்கள் பக்கத்தில் வீட்டு ஆம்பளை ‘வாங்க’ என்று சொல்லாமல் வந்தவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை சொல்லப்படாமல் போனதற்காகச் செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

அப்பா சொன்னார். நான் பின்னால் நின்றேன், என் காதில் விழுந்தது. காற்றுப் போல, பாதி எழுத்து மட்டும் வெளியே வந்த ஒரு “வாங்க”. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. தாய்மாமனுக்குக் கேட்கவில்லை.

நான் அப்பாவின் கைக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தேன். “வாங்க வாங்க! அப்பாவுக்கு நேத்திருந்து காய்ச்சல், அதான்!” என்றேன்.

நோயைச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. பொய்யைத் தேடியது நான். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. பேங்கில், தபால் கந்தோரில், கிராம சேவகரிடம், கிளினிக்கில், எல்லா இடத்திலும் எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். பத்து வயதிலிருந்து அப்படி. அந்தப் பழக்கத்தில் அன்றும் பேசினேன்.

உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். முறுக்கை யாரும் தொடவில்லை. படி இறங்கும்போது தாய்மாமன் எங்கள் காதில் விழட்டும் என்றே பேசினார்.

“வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வாங்கன்னு ஒரு வார்த்த இல்ல. பொலிசு வந்த மாதிரி மொறைக்கிறாரு. காய்ச்சலாமுல்ல! காய்ச்சக்காரனுக்கு வாயி இருக்காதா?”

இரண்டு நாளில் மாப்பிள்ளை தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். பெண் கொடுக்க மனசில்லாத வீட்டில் பெண் எடுக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டாராம். தங்கச்சி அழவில்லை. கழுவி அடுக்கி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினாள்.

அன்று மாலை அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நா வாங்கன்னு சொன்னேனே. நீ கேட்டியா?”

“கேட்டேம்ப்பா.”

“அப்பறம் ஏன் அத சொல்லாம காய்ச்சல்னு சொன்ன?”

விளக்குப் போடும் சாக்கில் எழுந்து உள்ளே போனேன்.

வகுப்பைப் பற்றிச் சொன்னது பாமசி முதலாளி. ஒரு நாள் மருந்து வாங்கப் பதுளைக்குப் போய் வந்தவர், “புள்ள, ஒங்கட வாப்பாட நரம்பு வருத்தத்துக்கு என்னமோ வகுப்பு வைக்கிறாங்களாம், போர்ட்டுல கண்ட. போய்ப் பாருங்க. சனிக்கிழம நான் கடையப் பாக்குறன், நீங்க ஞாயித்துக்கெழம வாங்க,” என்றார். அப்படித்தான் நான் கிளாக்கரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

வகுப்பு நடந்த அறைக்குக் கீழே ஒரு பேக்கரி. பாண் வேகும் வாசனையில்தான் எங்கள் மனதைப் பற்றிப் படித்தோம். பதினொரு பேர். தமிழ் பேசுகிறவர்கள் எங்களைத் தவிர ஒருவர்தான். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். அவருக்கும் அப்பாவின் நோய்தான், ஆனால் கைதான் அதிகம் ஆடும். முதல் நாளே அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சாரிய எடுத்தா கை தானா ஒதறிக் காட்டுது தம்பி. கடையில வேற சேல்ஸ்மன் தேவயில்ல,” என்றார். அப்பாவின் முகம் அசையவில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்தார். “சிரிச்சாரா?”

“சிரிச்சாரு,” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நானாகச் சொன்னதுதான்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு சிங்கள அம்மா. தமிழ் பாதி விளங்கும். முதல் வாரம் எல்லாருக்கும் அட்டைகள் கொடுத்தார். அட்டைக்கு ஒரு முகம். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபம், பயம். இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை எடுங்கள் என்றார். அப்பா ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து அடுக்கி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“இதுல என்னோட மூஞ்சி இல்லையே,” என்றார்.

நான் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பயிற்சியாளர் விடவில்லை, சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார். “முகம் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“அப்பாவுக்கு வந்து...” என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் உள்ளங்கையை எனக்கு நேரே நீட்டினார். “மகள், நீங்கள் பத்து வரைக்கும் எண்ணுங்கள். மனதுக்குள்.”

எண்ணினேன். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பரீட்சை மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடம்கூட எனக்கு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. மூன்றில் கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஐந்தில் ஹாஜியார் இருமினார். ஏழில் அப்பா பேசினார்.

“அவமானமா இருக்கு.”

அந்த வார்த்தையை அப்பாவின் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. நான் சொல்ல நினைத்திருந்தது ‘கவலை’.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் பேசிப் பேசிக் காரியம் பார்த்தவள் நான். பாஷை தெரியாத இடத்தில் அப்பா அவமானப்படக் கூடாது என்றுதானே பேசினேன். என்னை வாயை மூடச் சொல்ல இவர் யார் என்று பசறை வரும் வரை மனதுக்குள் சண்டை போட்டேன். பசறைக்குப் பிறகு, அப்பாவுக்குப் பதிலாக நான் சொன்ன எத்தனை பதில்கள் தவறாக இருந்திருக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன். அது பத்தில் நிற்கவில்லை.

தாள்களைத் தமிழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா. இரண்டு இரவு உட்கார்ந்து அகராதியைப் பார்த்து, பதகளிப்பு, மனச்சோர்வு, உளநெருக்கீடு என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“மகள், இது எந்த ஊர் தமிழ்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி வாங்கியவள் நான். தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தேன். அப்புறம், வீம்புக்குத்தான், அப்பாவிடம் கேட்டேன்: “சரி, வாசல்ல கால் ஒட்டிக்கிட்டா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.” எண்ணினேன்.

“மழ நேரத்துல மலையில நின்னு வெட்டயில கத்தி வழுக்கும்ல. காலுல படப்போகுதுன்னு தெரியும். பட்டிருக்காது. அந்த நேரம் நெஞ்சு குளுந்து போகும். அப்பிடி.”

அகராதி வார்த்தைகளை அடித்துவிட்டு அதை எழுதினேன். ‘நெஞ்சு குளுந்து போகுது.’ அடுத்த வரியில் ஹாஜியார் சொன்னது: ‘ஆளுங்களப் பாத்தா ஒளியத் தோணுது.’ அதற்கடுத்தது அப்பா: ‘வயிறு எரியுது, யாரு மேலன்னு தெரியல.’ பயிற்சியாளருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் சிங்களத் தாளிலும் கத்தி வழுக்குவதை எழுதிக்கொண்டார்.

நான்காவது வாரப் பாடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உங்கள் முகத்தை அடுத்தவர் அவர் இஷ்டத்துக்கு வாசிப்பார், அதனால் அவர் வாசிக்கும் முன் நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், முதல் பேச்சிலேயே சொல்லுங்கள் என்றார் பயிற்சியாளர். ஹாஜியார் அதைக் கடையில் செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “வாற ஆக்கள்ட்ட இப்ப முதல்லயே சொல்லிர்றன். கைதான் ஆடுது, மனசு ஆடல்ல, என்ன கலர் காட்ட? சிரிச்சிட்டுப் போறாங்க. சிரிச்சாலும் வாங்கிட்டுத்தான் போறாங்க.”

அந்த வாரம் வீட்டுக்குக் கொடுத்த வேலை, மறைத்து வைத்திருக்கும் ஒன்றை ஒருவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது. யாரிடம் என்று பயிற்சியாளர் கேட்டார். நான் எண்ணினேன். அப்பா ஆறில் சொன்னார்.

“மாப்புள்ளயோட மாமன்கிட்ட.”

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“சொல்லுங்க! போயி ஊரு பூராவும் சொல்லுங்க! நோய்க்காரக் குடும்பம்னு பேரு வந்துட்டா சின்னவளுக்கு மட்டுமில்ல, ஒனக்கும் ஒரு பய வரமாட்டான். படிச்ச புத்தி இதுதானா?”

“வராட்டி போகட்டும். அப்பாவ மறச்சு வச்சுத்தான் ஒருத்தன் வரணும்னா அவன் எனக்கெதுக்கு?”

“ஒனக்கு வேணாம். அவளுக்கு?”

தங்கச்சி கதவருகில் நின்றாள். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டதை நான் அம்மாவிடம் திரும்பச் சொன்னேன். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. “அத நீ யாரு யாருகிட்டப் போயி சொல்லுவ?” என்றாள். நான் பதில் சொல்லக் குரலை உயர்த்தினேன். அப்போது நாற்காலியிலிருந்து அப்பாவின் விரல்கள் அசைவதைப் பார்த்தேன். பேசப்போகும்போது அவருடைய விரல்தான் முதலில் அசையும். அதை நான் வகுப்பில்தான் கவனிக்கப் பழகியிருந்தேன். நிறுத்தினேன். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

“பொய் சொல்லித்தானே போச்சு,” என்றார் அப்பா. “உண்மையச் சொல்லிப் போனா போகட்டும்.”

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். சட்டி ஒன்று தேவைக்கு மேல் சத்தம் போட்டது. அவ்வளவுதான் அவளுடைய சம்மதம்.

போனில் பேசினால் அப்பாவின் குரல் அந்தப் பக்கம் கேட்காது. அதனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது என்று முடிவானது. தங்கச்சியின் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தோம். முதல் பதிவில் சேவல் கூவியது. இரண்டாவதில் தங்கச்சி அழுதுவிட்டாள். மூன்றாவதிலும் நான்காவதிலும் என் குரல்தான் கேட்டது: “நடுக்கம்னு சொல்லுங்கப்பா... மொதல்ல வணக்கம் சொல்லுங்க...”

அப்பா போனைத் தள்ளினார்.

“நம்ம வகுப்புல ஒனக்குத்தான் மார்க் இல்ல. போயி பீலியில தண்ணி புடிச்சுக்கிட்டு வா.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீலியடியில் நின்றேன். வாளி நிறைந்து வழிந்தது. என் வாழ்க்கையில் எங்கள் வீட்டுக்கான முக்கியமான பேச்சு ஒன்று நான் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு தங்கச்சி போட்டுக் காட்டினாள். இடைவெளிகள் நிறைய இருந்தன. “நான் பொண்ணோட அப்பா பேசுறேன். எனக்கு நரம்பு வருத்தம். மூஞ்சி அசையாது. வாசல்ல கால் நின்னுரும். அன்னிக்கு நான் வாங்கன்னு சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல. காய்ச்சல்னு சொன்னது பொய். இந்த வருத்தம் போகாது. எம்மகளுக்கு இதுல ஒரு குத்தமும் இல்ல. ஒங்களுக்கு மனசிருந்தா வாங்க. இப்ப கேட்டுச்சா?”

போட்ட சற்று நேரத்திலேயே நீலக் கோடு விழுந்துவிட்டது. கேட்டுவிட்டார். பதில் இல்லை. ஒன்பது நாள் பதில் இல்லை. பாமசியில் மாத்திரை எண்ணும்போது எனக்கு எண்ணிக்கை தவறியது. ஆறாவது நாள் தாய்மாமனின் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கும் முன் வெட்டினேன். பத்தாவது நாள் நான்கு செக்கன் நீளத்தில் ஒரு குரல் வந்தது. “ஞாயித்துக்கெழம காலையில வர்றோம்.” வேறு ஒரு வார்த்தை இல்லை. நல்லதுக்கு வருகிறாரா, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வருகிறாரா என்று அந்த நான்கு செக்கனை எத்தனை தடவை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலையில்தான். முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். வான் முக்கால் மணி நேரத் தூரத்துப் பாலத்தைத் தாண்டியதாக மாப்பிள்ளை தங்கச்சிக்குச் செய்தி போட்ட பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தேன். பக்கத்துக் காம்பராவுக்குப் போய் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அப்பா எழுந்தார், நன்றாகவே நடந்தார், நிலைப்படிக்கு வந்தார், கால் ஒட்டிக்கொண்டது.

மாத்திரை பயத்தையும் சேர்த்துக் கணக்கெடுப்பதில்லை.

அதே வாசல். அதே மாமன், அதே தட்டு. பின்னால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். நான் உள்ளே, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். போ, போய்ச் சொல்லு என்று அர்த்தம். என் நாக்கு தயாராக இருந்தது. எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது. அப்பா பேசவில்லை. பத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. மாமன் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பதின்மூன்று. நிலையைப் பிடித்திருந்த அப்பாவின் விரல் அசைந்தது.

“வாங்க,” என்றார். கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. “கால் நின்னுருச்சு. மூஞ்சியப் பாக்காதீங்க. உள்ளுக்குள்ள சந்தோசமா இருக்கேன். வாங்க.”

மாமன் அப்பாவைப் பார்த்தார். அடைபட்ட வாசலைப் பார்த்தார்.

“வாங்கன்னு சொல்லிப்புட்டு வழிய விடாம நின்னா எப்பிடி சம்பந்தி?”

மாப்பிள்ளையின் அம்மா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். லயத்து வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுவர் போலவே இருந்தது. மாமனுக்குச் சட்டென்று பயம் வந்துவிட்டது, பகிடி தப்பாகப் போய்விட்டதோ என்று. “கோவிச்சுக்காதீங்க, சும்மா...” என்று இழுத்தார்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: “நான் இப்ப சிரிக்கிறேன்.”

மாமன் தட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தார். ஒரு காலைக் குறுக்கே வைத்து இதைத் தாண்டச் சொன்னால் ஒட்டின கால் எழும்பும் என்று தங்கச்சிதான் உள்ளேயிருந்து கத்தினாள். மாமன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தார். அப்பா தாண்டினார். கல்யாணம் தையில்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் நானும் காய்ச்சல் கதை சொல்கிறவள் ஆகிவிடுவேன். நோய் அப்படியேதான் இருக்கிறது, இன்னும் கூடும். சில காலைகளில் அப்பா சட்டைப் பொத்தானோடு போராடித் தோற்று, தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறார். அம்மா கத்துகிறாள். வித்தியாசம் ஒன்றுதான். இப்போது கோப்பை விழுந்த பிறகு, “வயிறு எரியுது, ஒங்க மேல இல்ல,” என்று சொல்கிறார். அம்மா, “எம்மேல இல்லன்னா அள்ளிப் போடுங்க,” என்கிறாள். அந்தப் பேச்சு முன்பு எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

எட்டாவது சனிக்கிழமை, வகுப்பு முடிந்து இறங்கும்போது கிளாக்கரிடம் கேட்டேன், இதைத் தமிழில் எப்போது வைப்பீர்கள் என்று.

“தமிழ்ல வச்சா ஆளு வராது தங்கச்சி. போன வருசம் தோட்டத்துக் கடைங்கள்ல எல்லாம் நோட்டிஸ் ஒட்டிப் பாத்தோம். ஒருத்தர் வரல. நான் அன்னிக்கே சொன்னேன்ல.”

“எங்க ஆளுங்க நோட்டிசுக்கு வரமாட்டாங்க. வெத்தல வச்சுக் கூப்புட்டா வருவாங்க.”

அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பயிற்சியாளரிடம் பேசினேன். முதல் இரண்டு வாரம் அவர் வருகிறார், பிறகு நானே நடத்த வேண்டும். எங்கள் டிவிஷனில் கொழுந்துக்குப் போகிற அம்மாமார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவை ஞாயிறுகளில் தரும்படி தோட்டத்துக்குக் கடிதம் எழுதி, சாவியையும் வாங்கிவிட்டேன். தாள்கள் தயார். அகராதி வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. தங்கச்சியின் நிச்சயத்துக்கு வாங்கிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நானும் அப்பாவும் மூன்று டிவிஷனில் ஒன்பது வீட்டுக்குப் போய்விட்டோம். வலிப்பு வருவதால் அடுப்புப் பக்கம் விடாமல் வைத்திருக்கும் ஓர் அக்கா வீட்டுக்கு, பாதி உடல் விழுந்துபோன ஒரு கங்காணி வீட்டுக்கு, எங்களைப் போலவே நோயை மறைத்து வைத்திருந்து, தட்டைப் பார்த்ததும் கதவை மூடிவிட்டு, பிறகு பின்னாலேயே ஓடி வந்து வெற்றிலை எடுத்துக்கொண்ட ஒரு வீட்டுக்கு. ஒவ்வொரு வாசலிலும் நான் ஒரு படி கீழே நின்றேன். அப்பாதான் சொன்னார்.

பத்தாவது தட்டைப் பதுளைக்குக் கொண்டுபோனோம். போன வெள்ளிக்கிழமை. மாடிப்படி ஏற அப்பாவுக்கு வெகுநேரம் எடுத்தது. கிளாக்கரின் மேசையில் பிளேன்டிக்குப் பக்கத்தில் தாம்பாளத்தை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் பேசுவேன் என்று. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் அப்பாவைப் பார்க்க வேண்டியதாயிற்று. மின்விசிறி சுற்றியது. பதினொன்றில் அப்பா சொன்னார்.

“ஞாயித்துக்கெழம நம்ம பிள்ளைக் காம்பராவுல வகுப்பு. வாங்க.”

கிளாக்கர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். எடுத்தால் வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

“எத்தன மணிக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.